பட்டிக்கு அடியில் தகரம் இருக்க வேண்டும்

ஏலமலை ஜீப்பைத் துரு அடியிலிருந்துதான் பிடிக்கிறது. போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தலில் மலையேறத் தொடங்கும் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்துவிடுகிறது. கீழே புழுதி வெயில், மேலே மூடுபனி. விடிவதற்கு முன்பே தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று போகும் வண்டிகளில் ஈரக் கால்களும் சேறும் உரமூட்டையும் மருந்து டிரம்மும் தரைத் தகட்டின் மேல்தான் கிடக்கும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. ஈரத்தோடு சேர்ந்துவிட்டால் கடலோர உப்புக்காற்று இரும்புக்குச் செய்வதை அதுவும் செய்யும்.

மயில்துத்தம் அதைவிட மோசம். ஏலச்செடியின் அழுகல் நோய்க்கு மழைக்கு முன்னால் தெளிக்கும் போர்டோ கலவையில் சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, பளபளப்பான கத்தி ஒன்றை அதில் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கத்தியில் நடப்பதே ஜீப்பின் தரையிலும் நடக்கிறது. சிந்திய துத்தக் கரைசலில் இரும்பு கரைய, அந்த இடத்தில் செம்பு படிகிறது. படிந்த செம்பு பக்கத்து இரும்பை இன்னும் வேகமாக அரிக்க வைக்கிறது. தரைத் தகட்டுக்கு அடியில் முட்டுக்காகப் பற்றவைத்திருக்கும் ‘ப’ வடிவச் சட்டங்களுக்குள் நீர் இறங்கினால் வெளியேற வழி கிடையாது. ஆக, தரை மேலே நல்ல பெயின்ட்டோடு தெரியும்போதே கீழே சல்லடையாகியிருக்கும்.

இந்த மலையில் பழைய வண்டி என்றால் பெரும்பாலும் மஹிந்திரா ஜீப்தான். 1940களின் இறுதியில் வில்லீஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. வில்லீஸ் 1953இல் கொண்டுவந்த சிஜே3பி மாதிரியை, அமெரிக்காவில் அது நின்றுபோன பிறகும் இங்கே பல பத்தாண்டுகள் செய்துகொண்டிருந்தார்கள். உயரமான எஞ்சினுக்கு இடம் விடத் தூக்கிவைத்த பானெட் அதன் அடையாளம். ஜீப்பில் உடல் வேறு, சேஸி வேறு. போல்ட்டுகளைக் கழற்றினால் நாலு பேர் கூடி உடலை அப்படியே தூக்கி வெளியே வைத்துவிடலாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் வந்த அம்பாசடரில் இது நடக்காது. அங்கே உடலேதான் சட்டமும். கதவுக்குக் கீழுள்ள பகுதி துருப்பிடித்தால் வண்டியின் பலமே குறைந்துவிடும். பழைய வண்டியை மீட்டெடுக்க நினைப்பவருக்கு ஜீப்பைப் போல ஒத்துழைக்கும் வண்டி வேறில்லை.

அப்படிப்பட்ட வண்டிகளுக்குத்தான் இப்போது நெருக்கடி. 20 ஆண்டைத் தாண்டிய வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு உயர்த்தியது. கார், ஜீப் போன்ற இலகுரக வாகனத்துக்கு 10,000 ரூபாய். 15 ஆண்டு கடந்த காருக்கு 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனதே 2022 ஏப்ரலில்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டிய தொகை இது. 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விதி தனி மரியாதை தருகிறது: ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண், 10 ஆண்டு செல்லுபடி. ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். அன்றாட ஓட்டமும் வாடகை ஓட்டமும் கூடாது. ஷெட்டில் நிற்கும் வண்டி பாரம்பரியம், இன்றும் ஆளேற்றி மலையேறும் வண்டி வெறும் பழசு என்பது சரியான கணக்கு அல்ல. ஏலமலை ஜீப்பின் பெருமையே அது இன்னும் ஏறுகிறது என்பதில் இருக்கிறது.

கட்டணம் கூடினால் சிலர் வண்டியை விற்கப் பார்ப்பார்கள். விற்பதற்கு முன் பெயின்ட் அடிப்பார்கள். அண்மையில் போடியில் அப்படியொரு ஜீப் விலைக்கு வந்தது. முழுசாக டிங்கரிங் பார்த்த வண்டி என்று சொல்லப்பட்டது. கண்ணாடி மாதிரி மின்னும் பச்சை. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை இடப்பக்க மட்கார்டில் வைத்தால் ஒட்டவில்லை, நழுவி விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தபோது பிடித்தது. மறுபடி இறக்கினால் மறுபடி நழுவியது. விரல் முட்டியால் தட்டினால் தகரத்தின் ஓசைக்குப் பதிலாகச் சுவரைத் தட்டிய ஓசை. காந்தம் பிடிக்காத இடமெல்லாம் பட்டி.

பட்டியில் தவறில்லை. பாலியெஸ்டர் பிசினும் டால்க் பொடியும் கலந்த பசை அது. கொஞ்சம் ஹார்டனர் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். சுத்தியலால் சமன் செய்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் படும் மேடுபள்ளத்தை நிரப்ப அது போதும். ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓட்டையை அடைப்பது அதன் வேலை அல்ல. ஓட்டைக்குப் பின்னால் வலையோ செய்தித்தாளோ திணித்து மேலே விரல் கனத்துக்கு அப்பிவிட்டால் முதல் மாதம் யாருக்கும் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு திரும்பும்போது ஜீப்பின் உடல் முறுக்கிக்கொள்கிறது. தகடு வளைந்து திரும்பும், கெட்டியான பட்டி வளையாது. விளிம்பில் முடி அளவு விரிசல் விடும். பட்டி ஈரத்தையும் உறிஞ்சும். உள்ளே விட்டுவைத்த துருவுக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிப்பது; பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கிக் காட்டும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும். தரைத் தகடு உளுத்த வண்டியில் அடுத்து அமரப்போவது பத்துப் பன்னிரண்டு கூலிப் பெண்களாக இருக்கலாம் என்பதால் இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று விட முடியாது.

பாலியெஸ்டர் பட்டி வருவதற்கு முன்னால் வண்டி உடலின் இணைப்புகளையும் பள்ளங்களையும் ஈயம் கொண்டு நிரப்பினார்கள். நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரின் வேலைக்கு அது நெருங்கிய உறவு. அவர் பாத்திரத்தைத் தேய்த்து, சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் ஒரே இழுப்பாக இழுப்பார். வெண்புகை எழும்பி அடங்கும்போது பித்தளை வெள்ளியாகியிருக்கும். நவச்சாரம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைக் கழற்றிவிடுவதால்தான் ஈயம் பிடிக்கிறது. வண்டி உடலிலும் முதல் படி இதே: தகட்டை வெள்ளையாகத் தேய்த்து, ஆக்சைடு நீக்கும் பசை தடவி, மெல்லிய ஈயப் பூச்சு கொடுப்பது. அதன் மேல் காரீயம் 70 பங்கும் வெள்ளீயம் 30 பங்கும் கொண்ட கலவையைத் தீச்சுடரால் இளக்கி ஏற்றுவார்கள். இந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கினாலும் முழுதாக உருக 250ஐத் தாண்ட வேண்டும். இடைப்பட்ட சூட்டில் அது குழைவாக நிற்கும். கொழுப்பு தடவிய மரக் கரண்டியால் இஷ்டப்படி தள்ளி வடிவம் கொடுக்கலாம். சூடு கொஞ்சம் கூடினால் முழுதும் தரையில் ஒழுகிவிடும். நிரப்பியதை அரத்தால்தான் சமன் செய்ய வேண்டும். கிரைண்டர் வைத்தால் காரீயத் தூள் காற்றில் பரவி நுரையீரலுக்குள் போய்விடும். பாத்திரத்துக்குச் சுத்தமான வெள்ளீயம் மட்டுமே ஆகும், காரீயம் கலந்தது ஆகவே ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஈயம் தகட்டோடு ஒட்டி நிற்கும், நீர் உறிஞ்சாது, அதிர்வில் விரிசல் விடாது. ஆனால் ஈயமும் ஓட்டையை மூட அல்ல. துருப்பிடித்த தகட்டுக்கு மாற்று தகடு மட்டுமே. கறுத்த விளிம்பைத் தாண்டி, நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத்தகடு வெட்டிப் பொருத்த வேண்டும். கேஸ் வெல்டிங்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு அலையலையாக நெளிந்துவிடும். சூட்டில் விரிந்தது ஆறும்போது சுருங்கி இழுக்கும். அதனால் இங்கொரு பொட்டு, எதிர்முனையில் ஒரு பொட்டு, நடுவில் ஒரு பொட்டு என்று இடம் மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டுத் தொடர்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு வெல்டிங்கில் சூடு பரவுவது குறைவு. பொறுமையின் தேவை குறைவதில்லை.

நல்ல டிங்கர் மேஸ்திரியை அடையாளம் காண அவர் தகட்டைச் சுருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். அடிபட்ட தகடு விரிந்திருக்கும். எவ்வளவு தட்டினாலும் உள்ளே போனது வெளியே வரும், வெளியே வந்தது உள்ளே போகும். மேஸ்திரி உள்ளங்கையைத் தகட்டின் மேல் படுத்தவாக்கில் தேய்த்துக்கொண்டே போய், மேட்டின் உச்சியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியை மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குச் செக்கச் செவேலென்று காய்ச்சி, அடியில் டாலிக் கட்டையைக் கொடுத்து, சுற்றிலுமிருந்து மையத்தை நோக்கி நாலைந்து தட்டு. சிவப்பு கறுக்கும் நேரத்தில் ஈரத்துணியால் ஒரு ஒற்று. உஸ்ஸென்ற சத்தத்தோடு தகடு இழுத்துக்கொண்டு படிந்துவிடும். இது தெரிந்தவருக்குப் பட்டி டப்பா ஒன்று நெடுநாள் வரும். தெரியாதவருக்கு ஒரு மட்கார்டுக்கே ஒரு டப்பா தீரும். தட்டிய நேரத்துக்குக் கூலி கேட்டால் பேரம் பேசும் உரிமையாளர்கள், பெயின்ட்டின் மினுமினுப்புக்குக் கேட்டதைக் கொடுக்கிறார்கள். தொழில் அருகிவருவதற்கு அதுவே முதற்காரணம்.

தகட்டு வேலை முடிந்தபின் மிச்சத் துருவைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலால் துடைத்து, கழுவி, உலர்ந்த அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். போடிமெட்டின் ஈரக்காற்றில் வெறும் தகடு ஓர் இரவில் பழுத்துவிடும். வழக்கமான ரெட் ஆக்சைடு பிரைமர் நீரை முழுதும் தடுக்காது, அதன் மேல் பெயின்ட் ஏறியாக வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்ப்பு. பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது அடுக்கடுக்காக எல்லா நிறமும் தெரியும். டாஷ்போர்டுக்குப் பின்புறம் கம்பெனி அடித்த முதல் நிறம் வெயில் படாமல் பத்திரமாக இருக்கும். அந்த நிறத்தையே மீண்டும் அடிப்பது முறை.

எங்கே, எப்போது அடிப்பது என்பதை மலை முடிவு செய்கிறது. பழைய வண்டிகள் பலவற்றின் பெயின்ட் நைட்ரோசெல்லுலோஸ். 1920களில் டூபான்ட் கொண்டுவந்த டூகோ, வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த வண்டிகளை ஒரே நாளில் காயவைத்த வகை. தின்னர் ஆவியாகும்போது பெயின்ட்டின் பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து, பெயின்ட் பால் சிந்தியது போல வெளுத்துவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்தால் ஓரளவு தப்பலாம். ஹார்டனர் கலக்கும் பாலியூரிதேன் பெயின்ட்டில் ஹார்டனர் ஈரத்தோடு வினைபுரிந்து குமிழி விடும். எனவே மேட்டில் ஓடும் வண்டியையும் பெயின்ட்டுக்குக் கீழே போடிக்கே இறக்க வேண்டும். போடியிலும் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகை மழை. பொங்கல் முடிந்து சித்திரைவரை நல்ல பருவம், அதிலும் பனி விலகிய முற்பகல்.

பாலியூரிதேன் பெயின்ட்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை தொற்றிவிட்டால் பிறகு துளி வாடை பட்டாலும் மூச்சு முட்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன் பிடிப்பது சிறு பட்டறைகளில் சாதாரணக் காட்சி. துண்டு தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். அதன் செலவை வண்டிக்காரர் கூலியோடு சேர்த்துக் கொடுப்பதே நியாயம். அது முடியாத பட்டறையில் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அதன் தின்னருக்கும் காற்றோட்டமும் ஆவி வடிகட்டும் முகமூடியும் தேவை என்றாலும் ஐசோசயனேட் இல்லை. மினுமினுப்பு குறைவு, காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும் உழைப்பு அதிகம். பழைய ஜீப்புக்குப் பொருத்தமான பளபளப்பும் அதுதான்.

பெயின்ட் காய்ந்த பிறகு உடலைச் சேஸியில் இறக்குமுன் செய்ய வேண்டிய வேலை இன்னும் உண்டு. ‘ப’ சட்டங்களின் இரு முனைகளிலும் நீர் வடியத் துளை போட்டு, உள்ளே மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். உடலுக்கும் சேஸிக்கும் நடுவிலுள்ள ரப்பர்களைப் புதிதாக மாற்ற வேண்டும். உரமும் துத்தமும் ஏற்றும் வண்டியாக இருந்தால் தரைக்கு மேல் கழற்றிக் கழுவக்கூடிய ரப்பர் விரிப்பு. முதல் மழைக்காலம் முடிந்ததும் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, வடிதுளைகளை ஒரு கம்பியால் குத்திச் சேறெடுத்து, மெழுகெண்ணெயை மறுபடி ஒருமுறை அடிக்க வேண்டும்.