உள்ளான் வந்தாச்சு, தொளி எங்கே?

ஆவணி பாதி ஆகிவிட்டது. மார்க்கையன்கோட்டை வயலில் நெல் நெருக்கமாக நிற்கிறது. வடக்கேயிருந்து பொரி உள்ளான்கள் வந்து சேரும் பருவம் இது. வந்தவை கால் வைக்கத்தான் இடமில்லை.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் பஞ்சாங்கமே தண்ணீரை வைத்துத்தான். மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை 1895இல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுவிக். அந்தத் தண்ணீரில் இங்கே 14,707 ஏக்கர் இருபோகம். ஜூனில் தண்ணீர் திறந்தால் ஆனி, ஆடியில் நடவு. புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பு. அறுத்த கையோடு அடுத்த உழவு. வயல் வெறும் சேறும் தண்ணீருமாகக் கிடப்பது இந்த இரண்டு தொளிக்காலத்தில்தான். முதல் தொளியில் டிராக்டரின் கேஜ் வீல் பின்னாலேயே ஓடிப் புழு பொறுக்குபவை உள்ளூர்க் கொக்குகள். உள்ளான் அப்போது சைபீரியச் சதுப்பிலோ பின்லாந்திலோ குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது தொளிதான் அதற்கு. விருந்தாளி முன்னாடியே வந்துவிட்டார். இலை போட இன்னும் ஒரு மாதத்துக்கு மேலாகும்.

அதுவரை வாய்க்கால் ஓரமும் கண்மாய் விளிம்பும்தான் கதி. போன வாரம் நடாமல் விட்டிருந்த ஒரு வயலில் ஒன்றைப் பார்த்தேன். ஏறக்குறைய மைனா அளவு. பழுப்பு முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு மேலே நீள வெள்ளைப் புருவம், மஞ்சளோடிய கால். ஓரிடத்தில் நிற்கவில்லை. நாலு எட்டு வைக்கும், சேற்றில் குத்தும், பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி நடக்கும். ஆவணியில் முந்தி வருபவை பெரும்பாலும் வளர்ந்த பறவைகள். இந்த ஆண்டுக் குஞ்சுகள் பின்னால்தான் வரும், தாய் தகப்பன் துணையில்லாமல். முதல் பயணத்திலேயே இமயத்துக்கு இந்தப் பக்கம் எப்படி வந்து சேர்கின்றனவோ, எனக்குத் தேனி பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடிப்பதே பெரும்பாடு.

ஐப்பசித் தொளியில் கோரை உள்ளானையும் தேடலாம். நீண்ட மூக்கைச் சேற்றுக்குள் செருகியபடியே நுனியை மட்டும் திறந்து புழுவைப் பிடிக்கும். கிட்டே போகிறவரை அசையாது; காலடியிலிருந்து எழும்போது நமக்குத்தான் தூக்கிவாரிப்போடும்.

பைனாகுலரும் கையுமாக நின்றால் கேள்வி வராமல் இருக்காது. "என்னண்ணே, ப்ளாட் போடப் போறாங்களா?" என்றார் மண்வெட்டியோடு வந்தவர். குருவி பார்க்கிறேன் என்றேன். நம்பவில்லை. "நெல்லத் திங்குமா?" புழு பூச்சிதான் என்றதும் முகம் தெளிந்தது. ஆனால் அவர் முதலில் கேட்ட கேள்விதான் எனக்கு உறைத்தது. ப்ளாட் ஆகாவிட்டாலும் வயல் தோப்பாகலாம்; சின்னமனூர் பக்கம் வாழை இருக்கிறது, தென்னை இருக்கிறது. அந்தத் தோப்புகளில் உள்ளானுக்கு வேலையில்லை. அதற்காக நெல்லே போடுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நஷ்டம் வந்தால் உள்ளானா கட்டும்?

ஒரே சமயத்தில் டிராக்டர் கிடைக்காமல் வயல்காரர்கள் படும் பாடு ஒரு வகையில் பறவைக்கு நல்லது. இன்று ஒரு வயல், நாளை அடுத்தது என்று உழவு நகர நகர, தொளிக்காலமும் நீள்கிறது.

பார்க்க வருகிறவர்கள் காலையிலேயே வாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கிழக்கு ஓரம் நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்பு உள்ளான்தான். புதிதாக மண் அணைத்த வரப்பில் ஏறாதீர்கள். மடை உடைந்தால் வயல்காரர் பேசுகிற பேச்சை இந்தப் பத்தியில் எழுத முடியாது.