தேர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிந்தது யார்?

"மாருதி ஏத்தம் ஏறாது." "சூடாகுறது மாருதிக்குப் பிறவிக் குணம்." "மூணு சிலிண்டர் எஞ்சின், எத்தனை நாளைக்குத் தாங்கும்?" நாவுலயில் பழைய மாருதி 800 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், இந்த மூன்றில் ஒன்றையாவது யாரோ ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். எதிர்க்கட்சியும் உண்டு. "அந்தக் காலத்துச் சாமான், சாகாது. தண்ணிய ஊத்தி ஊத்தி ஓட்டிட்டே இருக்கலாம்" என்று அவர்கள் அடித்துச் சொல்வார்கள். இரண்டு கட்சியோடும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது. முதல் கட்சி எஞ்சினைத் திட்டிவிட்டுத் தப்பிக்கிறது, இரண்டாவது கட்சி எஞ்சினைக் கும்பிட்டுவிட்டுத் தப்பிக்கிறது. பொனட்டைத் தூக்கி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற வேலை இரண்டு பேருக்கும் இல்லாமல் போகிறது.

அந்த எஞ்சினை முதலில் ஒழுங்காக அறிமுகப்படுத்திவிடுவோம். அதன் பெயர் எஃப்8பி. சுசுகி வடிவமைத்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீற்றர். சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மேலே ஒரே ஒரு கேம், அதைச் சுற்ற ஒரு ரப்பர் பெல்ட், பெட்ரோலுக்கு ஒரு காபரேட்டர். (பின்னால் வந்த மாடல்களில் காபரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. சிலிண்டருக்கு நாலு வால்வு வைத்த எஃப்8டியும் வந்தது.) வலு நாற்பது குதிரைக்குக் கிட்ட. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அது இழுக்க வேண்டிய வண்டியும் சுமார் 650 கிலோதான். 1983 டிசம்பர் 14 அன்று இந்தியாவில் முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கையளித்தார். 1983 என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது வேறு. அதே ஆண்டின் கடைசியில்தான் பக்கத்து நாட்டு நடுத்தர வர்க்கத்துக்குக் கைக்கெட்டுகிற ஒரு கார் கிடைத்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. முப்பது வருஷம். குண்டும் குழியும், புழுதியும், எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும் குடும்பங்களும் அடித்த அடியில் நின்று காட்டிய ஒன்றை "தாங்காது" என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

எங்கள் குற்றச்சாட்டைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறோம்: மாருதியின் "வழக்கமான வருத்தங்கள்" என்று ஊரில் சொல்லப்படுகிறவற்றில் முக்கால்வாசி நாம் செய்து வைத்தவை.

சூடாவதையே எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தேர்மோஸ்டாட் என்ற ஒரு சின்ன வால்வு இருக்கிறது. உள்ளே மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது வழியை மூடி வைத்திருக்கும். தண்ணீரின் வெப்பம் 80 பாகையைத் தாண்டியதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குள் போய் ஆறி வரும். மின்சாரம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வருடக்கணக்கில் வேலை செய்த பிறகு ஒருநாள் அது மூடியபடியே இறுகிவிடும், வண்டி கொதிக்கும். செய்ய வேண்டியது புதியது ஒன்றைப் போடுவது. நாம் செய்வது அதைக் கழட்டி எறிந்துவிட்டு மூடியை மட்டும் திரும்பப் பூட்டுவது. "இது குளிர் நாட்டுக்காரனுக்கு வச்சது, நம்ம நாட்டுக்குத் தேவையில்ல." எத்தனை கராஜ்களில் இந்த ஒரே வசனம்!

இந்த வசனம் தப்பு. எப்படித் தப்பு என்று பார்ப்போம். நாவுலயிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் மாத்தளை தாண்டியதும் பலகடுவ ஏற்றத்தில் ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும், நல்ல தேர்மோஸ்டாட் முழுதாகத் திறந்தேயிருக்கும். திறந்த கதவுக்கும் கழட்டிய கதவுக்கும் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, எந்த இடத்துக்குப் பயந்து கழட்டினோமோ அந்த இடத்தில் கழட்டியதால் லாபம் இல்லை. நட்டம் மற்ற எல்லா இடத்திலும் இருக்கிறது. காலையில் எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும். குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் கூடக் குடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிவிடும், சுவர் தேயும். ஒயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் அதிலேயே தங்கும். கொஞ்ச வருஷத்தில் "மாருதி எண்ணெய் குடிக்குது" என்று ஒரு புதிய பழி பிறக்கும்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. தேர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் சூட்டைக் காட்டும் முள் கீழேயே கிடக்கும். பார்க்கிறவருக்குச் சந்தோஷம், "இப்ப கூலா ஓடுது". ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் தட்டையான ரோட்டில் முள் எழும்பாது. நோய் மறைந்திருக்கும். பிறகு ஒரு மத்தியான வெயிலில், நாலு பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது எல்லாம் ஒரேயடியாக வெளியே வரும்.

ரேடியேட்டர் ஏன் அடைக்கிறது? உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வறண்ட வலயத்தை ஒட்டிய எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் வெள்ளையாக ஒரு படை படியும். அதே தண்ணீரைத்தான் ரேடியேட்டரிலும் ஊற்றுகிறோம். விரல் தடிப்புக்கூட இல்லாத குழாய்களுக்குள் அதே படை. போதாததற்குத் துருவும் சேரும். கூலண்ட் என்பது பச்சைத் தண்ணி விற்கிற கம்பனிக்காரனின் ஏமாற்று என்று நினைக்கிற பெரியவர்கள் நிறையப் பேர். அது துருப்பிடிக்காமல் காக்கும், கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். மூடியை மறந்தே போகிறோம். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120க்குக் கிட்டப் போகும்வரை கொதிக்காமல் இருக்கிறது. அதன் ரப்பர் வளையம் வெடித்துவிட்டால் அந்த 20 பாகைப் பாதுகாப்பு போய்விட்டது. அதைப் பார்க்கிறவர் யார்? மின்விசிறியின் சுவிட்ச் பழுதானால் "ஃபேனை டிரெக்ட் பண்ணிட்டோம்" என்று சாவி போட்டதும் சுற்றுகிற மாதிரி வயரை இழுத்துவிடுகிறோம். மோட்டார் ஒரு நாள் எரியும், எரிந்ததும் தெரியாது.

கொதித்த பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ரோட்டோரம் நிறுத்தி, ஆற விடாமல், குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது. இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம். அதிகச் சூட்டில் அது வளையும். ஹெட் கேஸ்கட் போகும். ஹெட்டைக் கழட்டி, லேத்துக்கு அனுப்பித் தேய்த்து, புதுக் கேஸ்கட் போட்டு மாட்டுவார்கள். அடைத்த ரேடியேட்டர் மட்டும் அப்படியே திரும்ப ஏறும். நாலு மாதத்தில் மறுபடி கேஸ்கட். "பாத்தீங்களா, மாருதி ஹெட் சரியில்ல."

டைமிங் பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது ரப்பர். கிலோமீற்றர் ஓடாமல் கொட்டிலில் நின்றாலும் வயது ஏறும். எப்போது மாற்றினோம் என்று எழுதி வைக்காத வண்டியில், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் அந்த இடத்திலேயே நிற்கும். இரவு பத்து மணிக்கு, ஏ9 ரோட்டில், தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லொறிகளுக்கு நடுவில், உள்ளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஒருவர் இருக்கும்போது நிற்கலாம். எங்கள் கோபத்துக்குக் காரணம் இதுதான். இந்தப் பக்கம் பழைய கார் யாருக்கும் பொழுதுபோக்குச் சேகரிப்புப் பொருள் கிடையாது. ஒரு காரை நம்பி நாலு வீடு இருக்கிறது.

இந்த அலட்சியத்துக்குச் சந்தை லாபமும் கொடுத்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில், அதுவும் தலைசுற்றும் வரிகளோடு. இடையில் 2022இல் ரூபாய் சரிந்தது, டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது, உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது. பெட்ரோலுக்கு கியூஆர் கோட் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள், சின்ன எஞ்சின்களுக்குத் திடீர் மரியாதை வந்தது. பழைய கார் ஓட்டுகிற பொருள் என்பது மாறி, காணி மாதிரி வைத்திருந்து விற்கிற பொருளானது. விற்கப்போகிறவன் ஏன் ரேடியேட்டர் மாற்றுவான்? கழுவி, பொலிஷ் பண்ணி, சீட் கவர் போட்டு, "ஒரு சதமும் செலவில்லை, எஞ்சின் 100%" என்று விளம்பரம் போடுவான். புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் காபரேட்டர் திருகைத் திருகிவிட்டு, சேட்டிபிகேட் கையில் வந்ததும் பழைய இடத்துக்கே திருப்பி வைக்கிற வித்தையும் இதே பள்ளிக்கூடத்துப் பாடம்தான்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள். ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் இருந்தால் மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு வீச்சு நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், அது அவ்வளவு பெரிய செலவில்லை. ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் நீலப்புகை என்றால் ரிங், அது பெரிய வேலை. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கேஸ்கட். ஒயில் மூடியின் அடியில் பால் மாதிரி இருந்தாலும் கேஸ்கட் என்பார்கள், ஆனால் அவசரப்பட வேண்டாம். தேர்மோஸ்டாட் இல்லாமல் குளிர்ந்தே ஓடும் எஞ்சினிலும் ஈரம் தங்கி அப்படி வரும். டிப்ஸ்டிக்கில் வரும் ஒயிலும் பால் நிறமாக இருந்தால்தான் உண்மையான பயம். இன்னொன்று, 95 பெட்ரோல் அடித்தால் எஞ்சின் "நல்லா இருக்கும்" என்று காசை ஊற்றாதீர்கள். இந்த எஞ்சினுக்கு 92 போதும், மிச்சக் காசில் கூலண்ட் வாங்குங்கள்.

அப்படியென்றால் பாஸ்மார்தான் குற்றவாளிகளா? இல்லை. கராஜில் ஒரு மணித்தியாலம் நின்று நோயைக் கண்டுபிடித்தவருக்கு நாம் எதுவும் கொடுப்பதில்லை. "சும்மா பாத்ததுக்கு எதுக்குக் காசு?" சாமான் மாற்றினால்தான் கூலி. பிறகு அவர் சாமான் மாற்றாமல் என்ன செய்வார்? நாவுலயில் இல்லாத பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும், கஸ்டமர் பின்னேரமே வண்டி கேட்பார். கழட்டி எறிவதுதான் அன்றைக்குச் சாத்தியம். அவரிடம் வேலை பழகும் கோலயா அதையே முறை என்று பழகிக்கொள்வான், பத்து வருஷத்தில் அவனுக்கும் ஒரு கராஜ் இருக்கும்.

எங்களை மாதிரிப் படித்த கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் கலைப்பீடத்தில் பழந்தமிழ்த் தேர்ச்சக்கரத்துக்கு ஆர், குறடு, சூட்டு என்று உறுப்புக்கு உறுப்பு பெயர் படிக்கிறோம். அந்தப் பெயர்களை வைத்தவர்கள் தச்சர்கள், கையில் உளி பிடித்தவர்கள். இன்றைக்குக் கையில் ஸ்பானர் பிடித்தவன் பேசுவதை நாம் மொழியாகவே எண்ணுவதில்லை. ஒரு படம் வெளிவந்த மறுநாள் இருபது தமிழ் விமர்சனம் வருகிறது. வீட்டு முற்றத்தில் நிற்கும் எஞ்சினுக்குத் தமிழில் ஒரு கையேடு தேடிப் பாருங்கள். கைகறுக்கிற வேலை கீழானது என்ற பழைய சாதிப் புத்தி பட்டச் சான்றிதழுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

எங்களை மாருதி ரசிகர் மன்றம் என்று நினைத்துவிட வேண்டாம். எஞ்சின் நம்பகமானது என்பதும் கார் பாதுகாப்பானது என்பதும் இரண்டு வெவ்வேறு பேச்சு. இதே குடும்பத்து ஆல்டோ 800, 2014இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அதைவிடப் பழைய மாருதியின் மெல்லிய தகட்டை நம்பி வேகம் எடுக்காதீர்கள். புகையும் விடும், ஒத்துக்கொள்கிறோம். புதிய கார் வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். கியூபாவில் 1950களின் அமெரிக்கக் கார்களை இன்னும் ஓட்டுகிறார்கள் என்று படம் பிடித்துப் போட்டு ரசிக்கிறோமே, அதுவும் ஆசைப்பட்டு ஓட்டுவதில்லை, வேறு வழியில்லாமல்தான். வழியில்லாமல் வைத்திருக்கிற ஒன்றை ஒழுங்காக வைத்திருப்பதில் என்ன வெட்கம்?

"அதுக்கெல்லாம் செலவு பண்ண முடியாது" என்பது கடைசி வாதம். ஒரு தேர்மோஸ்டாட்டின் விலை, ஒரு தடவை ஹெட்டைக் கழட்டி மாட்டும் செலவில் சின்னத் துண்டு. அதைக்கூட எப்போதும் வாங்க வேண்டியதில்லை. அடுத்த முறை கராஜில் அதைக் கழட்டி உங்கள் கையில் தந்து "இது வேணாம்" என்றால், வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். அடியில் படக்கூடாது. தண்ணீர் கொதிக்கத் தொடங்குமுன் வாய் திறந்து, ஆறியதும் மூடிக்கொண்டால் அதில் பழுதில்லை, திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டச் சொல்லுங்கள். கொதித்த பிறகும் திறக்காவிட்டால் புதியது ஒன்று வாங்கிப் பூட்டச் சொல்லுங்கள். பூட்டும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.