கேபிளை வெட்டியாச்சு!

எங்க வீட்டில் கேபிள் இணைப்பை எடுத்தாச்சுங்க. 2024 டிசம்பரில் எடுத்தது, இன்னும் திரும்பப் போடவில்லை. "என்ன, காசு கஷ்டமா?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கி இல்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் பார்த்த நண்பர் ஒருவர், "பேங்க் ஆபீசர் வீட்ல கேபிள் இல்லையா!" என்று நிஜமாகவே கவலைப்பட்டார். கையில் காய்கறிப் பையோடு அவருக்குச் சொன்ன பதில் பாதிதான். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

காரணம் எங்க சித்தப்பா. தாராவியில் 90 அடி ரோடு பக்கம் இருக்கிறார். 1998-ல் வாங்கிய ஒற்றை அறை, கீழே வேறு குடும்பம், இரும்பு ஏணி வழியாக மேலே ஏறினால் இவர் வீடு. தாராவி மறுவளர்ச்சிக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு டிவி செய்திதான் சாப்பாடு. ஒரு நாள் ராத்திரி போன் செய்தார்.

"எல, டிவில எல்லாத்துக்கும் வீடுங்கான். 350 சதுர அடியாம். நாமதான் 2000-க்கு முந்தியே வந்துட்டோமே, நமக்கு இங்கனயே உண்டுல்லா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சரி, பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் ராத்திரி ஒன்பது மணி விவாதங்களை உட்கார்ந்து பார்த்தேன். திரையில் ஆறு ஜன்னல், ஆறு தலை. ஒருத்தர் இது உலகத்திலேயே பெரிய திட்டம் என்கிறார். இன்னொருத்தர் உலகத்திலேயே பெரிய நிலக்கொள்ளை என்கிறார். நடுவில் இருப்பவர் இரண்டு பேரையும் விடச் சத்தமாகக் கத்துகிறார். மாடியில் இருப்பவனுக்கு என்ன கிடைக்கும் என்று நான் பார்த்த நேரத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை.

வங்கியில் சுற்றறிக்கை படித்துப் பழகிய கண் இது. மராட்டி தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொண்டு விதிகளைத் தேடிப் படித்தேன். விஷயம் இவ்வளவுதான்: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 வரை வந்த தரைத்தளக்காரருக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். 2011-க்குப் பிறகு வந்தவர்களுக்கும், எந்த வருஷம் வந்திருந்தாலும் மாடியில் இருப்பவர்களுக்கும், 2022 நவம்பர் 15 வரை இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் வெளியே வாடகை வீடு. வாடகை கட்டிக்கொண்டே வந்து பின்னால் சொந்தமாக்கிக்கொள்ளலாம். மாடிக்காரர்களுக்கான அரசாணை 2024 அக்டோபரில் வந்தது.

அதாவது சித்தப்பா நம்பியிருந்த 1998 என்ற வருஷம் அவருக்கு உதவாது. ஏணி குறுக்கே நிற்கிறது. இது ஒரு குடும்பத்தின் தலையெழுத்து. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஒரு வாரம் முழுக்க டிவி பார்த்தும் எனக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

ஏன் என்று யோசித்தேன். நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை வரவு செலவு பார்ப்பது. அதனால் செய்தி சேனலின் வரவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன்.

2019 பிப்ரவரியில் ட்ராய் கொண்டுவந்த புதிய கட்டண முறை ஞாபகம் இருக்கும். நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் சொச்சம். அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை. அப்போது நாடகம், சினிமா சேனல்களில் மாதம் 19 ரூபாய் வரை வைத்தவை உண்டு. செய்தி சேனல்களில் பல இலவசம், சிலவற்றுக்கு ஒரு ரூபாய் கூட இல்லை. நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் கணக்குப்படி இதற்கு அர்த்தம் என்ன? செய்திக்கு நாம் வாடிக்கையாளரே இல்லை. வாடிக்கையாளர் விளம்பரம் கொடுப்பவர். அவருக்கு விற்கப்படும் சரக்கு நாம்.

அந்தச் சரக்கை எடை போடும் தராசுதான் டிஆர்பி. இந்தியாவில் சுமார் 20 கோடி வீடுகளில் டிவி இருக்கிறது. 2020-ல் பார்க் அமைப்பின் மீட்டர் இருந்தது சுமார் 44,000 வீடுகளில். அந்த வருஷம் அக்டோபரில், மீட்டர் வீடுகளுக்குக் காசு கொடுத்து சில சேனல்களைப் போட்டு வைக்கச் சொன்னார்கள் என்று நம்ம மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. செய்தி சேனல்களின் வாரக் கணக்கை பார்க் நிறுத்தி, 2022 மார்ச்சில்தான் மறுபடி வெளியிட்டது. வழக்கை 2024-ல் மாநில அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் யார் தப்பு செய்தார் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நான் சொல்வது தராசைப் பற்றி மட்டும். இவ்வளவு சின்னத் தட்டில் எடை போட்டால், சத்தம் போடுபவன்தான் பிழைப்பான்.

அந்தச் சத்தத்துக்கு இந்த ஊர் விலை கொடுத்ததும் உண்டு. 2008 நவம்பர் 26. தாஜ், ஓபராய், நரிமன் ஹவுஸ் என்று கமாண்டோக்கள் எங்கே நகர்கிறார்கள் என்பதை நேரலையில் காட்டினார்கள். எல்லை தாண்டி உட்கார்ந்து உத்தரவு கொடுத்தவர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கசாப் வழக்கில் 2012 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகவே கண்டித்தது. தினமும் குர்லாவிலிருந்து சிஎஸ்டி லோக்கலில் ஏறி இறங்கும் நமக்கு இது வேற்று ஊர்க் கதை இல்லை.

வரவைப் பார்த்தாச்சு. அடுத்தது முதலீடு, அதாவது முதலாளி. 2014-ல் நெட்வொர்க்18 ரிலையன்ஸ் கைக்குப் போனது. 2022 டிசம்பரில் என்டிடிவி அதானி குழுமத்தின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால், நவம்பரில், தாராவித் திட்டத்துக்கான டெண்டரை 5,069 கோடி ரூபாய்க்கு வென்றதும் அதே குழுமம்தான். திட்டத்தை நடத்தும் கம்பெனியில் அவர்களுக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20.

அங்கே வேலை செய்யும் செய்தியாளர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வங்கியில் ஒரு பழக்கம் உண்டு. என் சொந்தக்காரர் கடன் கேட்டு வந்தால் அந்த ஃபைலை நான் தொட மாட்டேன். நான் திருடன் என்பதால் இல்லை. என் கையெழுத்தை அடுத்தவன் நம்ப வேண்டும் என்பதால். நிலமும் செய்தியும் ஒரே வீட்டில் இருந்தால், அந்த நிலத்தைப் பற்றி அந்த வீடு சொல்லும் நல்ல செய்தியை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

எங்க ஏரியாவுக்கே வருகிறேன். குர்லா கிழக்கில், நேரு நகரில், மதர் டெய்ரி இடம் தெரியும்தானே? மரங்கள் அடர்ந்த சுமார் 21 ஏக்கர். 2024 ஜூனில் அதைத் தாராவித் திட்டத்துக்கு ஒதுக்கி அரசாணை வந்தது. பூங்காவாக்குங்கள் என்று இங்கே இருப்பவர்கள் போராடினார்கள். நிலம் அரசின் திட்ட அமைப்புக்குத்தான், தனியார் கம்பெனிக்கு இல்லை என்று அரசு தரப்பு சொன்னது. இரண்டு பக்கமும் கேட்க வேண்டிய விஷயம். ஒரு பக்கம் நம் ஆட்களுக்கு வீடு, இன்னொரு பக்கம் நம் பிள்ளைகளுக்கு மரம். நான் இதைத் தெரிந்துகொண்டது நேரு நகரில் பால் வாங்கப் போன இடத்தில். அப்புறம் பேப்பரில்.

"அந்தக் காலத்து டிவி மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 2001 ஜூன் 30, கருணாநிதி கைதான ராத்திரி. நான் அப்போது கல்லூரியில். சன் டிவியில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப ஓடியது, பிறகு ஜெயா டிவியில் வேறொரு காட்சி. ஆனால் எது யார் டிவி என்று டீக்கடையில் டீ ஆற்றுபவருக்கும் தெரியும். இரண்டையும் பார்த்து, இரண்டிலும் பாதியைக் கழித்து, நாமே ஒரு முடிவுக்கு வருவோம். இன்றைக்கு கோட்டு சூட்டு போட்டு "தேசம் கேட்கிறது" என்ற தோரணையில் வருபவர் யாருக்காகக் கேட்கிறார் என்று கழிக்கத் தெரியவில்லையே, அதுதான் பிரச்சினை.

நஷ்டம் இல்லையா? இருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்தியும் மராட்டியும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, வீட்டுக்குள் ஓடும் தமிழ் டிவி ஒரு துணை. அம்மாவுக்கு சீரியல். அதை இப்போது மொபைலில் பார்க்கிறார், கண் வலிக்கிறது என்று என்னைத் திட்டிக்கொண்டே. அப்புறம் வாட்ஸ்அப். டிவியை விட்டுவிட்டு அதைப் பிடித்தால் எண்ணெய்ச் சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதைதான். அங்கே யார் முதலாளி என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால் எங்க வீட்டில் ஒரு சட்டம் மட்டும். எந்தச் செய்தி வந்தாலும் இரண்டு கேள்வி: இதற்குக் காசு கொடுப்பது யார்? இதன் சொந்தக்காரர் யார்? பதில் தெரிந்த பிறகு நம்பலாம், நம்பாமல் விடலாம். காசு கொடுத்து ஒரு பேப்பர் வாங்குகிறோம். நம் வீடு, நிலம், பணம் சம்பந்தப்பட்டதென்றால் மூல ஆணையைத் தேடிப் படிக்கிறோம்.

சித்தப்பாவிடம் விதியைச் சொன்ன அன்று கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப 1998 பத்திரத்த விடு. 2022 நவம்பருக்கு முந்தின கரண்டு பில்ல எடுத்து வைக்கேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அந்தச் சந்தில் அவர் மாதிரி மாடிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையோடு காத்திருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் டிவி இருந்தது. ஒருத்தருக்கும் விஷயம் தெரிந்திருக்கவில்லை.