கூட்டமும் சங்கமும்

பலர் ஓரிடத்திற் சேர்ந்திருத்தல் வேறு. பலர் ஒன்றுபட்டிருத்தல் வேறு. இலக்கணம் பயின்றார் இதனை எளிதில் உணர்வர். உம்மைத்தொகையிலே சொற்கள் அருகருகே நிற்கும். ஒன்று மற்றொன்றன் பொருளைத் தழுவாது. நம் பல்கலைக்கழக மாணவரிற் பலர் இக்காலத்தில் உம்மைத்தொகையாகவே வாழ்கின்றனர். புகுமுக மாணவர் வந்த அன்றே கைத்தொலைபேசியில் ஒரு குழு தோன்றிவிடுகின்றது. அதிலே வருவன யாவை? விரிவுரை நேரமாற்றம், பழைய வினாத்தாள், பிறந்தநாள் வாழ்த்து, காலை வணக்கம். பட்டமளிப்பு விழா முடிந்ததும் குழுவும் ஓய்ந்துவிடுகின்றது. கருவியைப் பழித்தல் என் நோக்கமன்று. எல்லாருங் கூடிச் செய்தற்குரிய பொருளொன்று அதனுள் இல்லை என்பதே என் குறை.

பொருள் உளதாயின் என்ன நிகழும் என்பதற்குப் பேராதனையே சான்று. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்குச் சென்றது. யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மன்னாராரும் மகாவலிக் கரையில் ஒரே விடுதியில் உண்டு உறங்கினர். எனினும், ஒரே விடுதிச் சோறு மாத்திரம் மனிதரை ஒன்றாக்கிவிடாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவரத் துணிந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ அரங்கேறியது. கிராமத்துக் களரியில் விடியவிடிய ஆடிய மட்டக்களப்பு வடமோடி ஆட்டத்தைப் பட்டம் பெற வந்த பிள்ளைகள் காலிற் சதங்கை கட்டிப் பயின்றனர். படிப்பறிவில்லார் கலை என்று ஒதுக்கப்பட்டது அங்கே பாடமாயிற்று. மட்டக்களப்பு மாணவன் தன் ஊரை எண்ணி நாணாது நிமிர்ந்தான். பின்னர் வந்த ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு அவர்கள் அப்போது மாணவரே. பிற்காலத்தில் அவரே பேராசிரியராகி அக்கலையை வளர்த்தமை யாவரும் அறிந்தது.

இதற்கு முன்னரே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழில் நாடகங்கள் எழுதி மாணவரை நடிக்கச் செய்தார். ‘நானாடகம்’ 1940இல் நூலாயிற்று. பண்டித மரபில் வந்த எனக்கு இளமையில் அந்நடை உவப்பாயிருந்ததில்லை. அவர் செய்தது சரி என இன்று ஒப்புக்கொள்ள நான் நாணவில்லை.

தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ மலரும் இத்தகைய பணியே செய்தது. எழுதியவன் ஒருவன், அச்சுப்பிழை திருத்தியவன் ஒருவன், கடைதோறும் விளம்பரத்திற்கு அலைந்தவன் ஒருவன். மலர் வெளிவந்தபோது மூவரும் நண்பர். மாணவர் மலர்களின் பயன் இதுவே. அண்மையில் என் கைக்கு வந்த மலரொன்றிலோ முதற்பாதி முழுதும் வாழ்த்துரைகள். ஒவ்வொன்றின் தலையிலும் புகைப்படம். பிள்ளைகளின் எழுத்தைத் தேடிப் பக்கம் புரட்டவேண்டியதாயிற்று.

மாணவர்க்கு ஒன்று சொல்வேன். ஓராண்டு வாழ்த்துரைகளை நிறுத்துங்கள். அவரவர் ஊர்ச் சொற்களைத் தொகுத்து அக்குழுவிலே இடுங்கள். மட்டக்களப்பு மாணவி ‘கச்சான்’ வீசுகின்றது என்றால், கொழும்பில் வளர்ந்தவன் கொறிக்கும் கடலையையே எண்ணுவான். அது காற்று என்று அவள் விளக்கட்டும். மலையகத்துப் பிள்ளை ‘பிரட்டு’ யாதெனச் சொல்லட்டும். காலையில் தொழிலாளரைக் கூட்டிப் பெயர் பதியும் அவ்வழக்கின் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. வயற்போடியாரின் கீழிருந்த ‘முல்லைக்காரன்’ யார் என்பதைப் பொறியியல் மாணவனும் கேட்கட்டும். மருத்துவ பீடத்தார் பாட்டிமார் வழங்கும் நோய்ப்பெயர்களைக் குறித்து வரட்டும். நாளை நோயாளியின் முன் அமரும்போது அவர்க்கே அது உதவும். ஒருவர் சொல்லை மற்றவர் மறுப்பர், வழக்காடுவர், தாயாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பர். ஆண்டிறுதியில் மலராக்கி, 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்திற்கும் ஒரு படி கொடுத்துவிடலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் ஒரு படியோடு அமைதல் தகாது.

இவ்வாண்டு மலர்க்குழுவினர் வழக்கம்போல் வாழ்த்துரை கேட்டு வருவராயின் நான் தாரேன். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் எனத் தொடங்கி, என் பாட்டனார் விதைத்த நெல்லினங்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பேன்.