"அம்மா, சொன்னால் திட்ட மாட்டியே?"



பிள்ளை வீட்டுக்குள் இருந்தால் பத்திரம், வாசலைத் தாண்டினால் கவலை. இதுதான் நம் அம்மாக்கள் காலத்துக் கணக்கு. பொம்மிடியில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். ஊரின் ஓரமாகவே ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதை ஓடுகிறது. அதற்காக யாரும் பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைக்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "இந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாரு, சத்தம் கேட்டா நில்லு" என்று பழக்கினார்கள்.

இன்று பிள்ளை கூடத்தில் பாயில்தான் படுத்திருக்கிறான். நாம் அடுப்படியில் பருப்பைக் கடைந்து கொண்டிருக்கிறோம். ஆனால் அவன் கையிலிருக்கும் போன் வழியாக ஊர் பேர் தெரியாத ஓர் ஆள் அவனோடு பேசிக் கொண்டிருக்கலாம். வாசல் கதவு சாத்தித்தான் இருக்கிறது! இந்தப் புது விதமான அபாயத்துக்கு நாம் எப்படிப் பிள்ளைகளைப் பழக்குவது? இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பாடத்துக்கு வந்த போன்

நம் வீடுகளில் பிள்ளைகள் கைக்குப் போன் எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. கடன் வாங்கியாவது ஒரு போன் வாங்கினோம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பரிலும், சின்ன வகுப்புகள் நவம்பரிலும் மறுபடி திறந்தன. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். போன் மட்டும் அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது.

அந்த ஒன்றரை வருஷத்தில், "கிளாஸ் நடக்குதும்மா" என்ற ஒரு வார்த்தையை நம்பி நாம் நம் வேலையைப் பார்த்தோம். அதே சமயத்தில் நடந்த ஒரு விஷயம் நம் மாவட்டத்தில்தான் வந்து முடிந்தது. 'பப்ஜி' மதன் என்ற பெயரை உங்கள் வீட்டுப் பையன்களிடம் கேட்டால் தெரியும். சேலத்தைச் சேர்ந்த அவர், பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடிக்கொண்டே யூட்யூபில் பேசுவார். அந்த விளையாட்டை மத்திய அரசு 2020 செப்டம்பரிலேயே தடை செய்திருந்தது. விளையாட்டின் நடுவே பெண்களைப் பற்றி மிக ஆபாசமாகப் பேசுகிறார் என்று புகார்கள் எழுந்தன. முன்ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து வாதாடும்படி நீதிபதி வழக்கறிஞரிடம் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. 2021 ஜூன் 18-ஆம் தேதி அவரைப் போலீசார் தர்மபுரியில் கைது செய்தார்கள்.

அவருடைய சேனல் ஒன்றின் பெயரிலேயே '18+' என்று போட்டிருந்தது. ஆனாலும் அதைப் பார்த்தவர்களில் பள்ளிக்கூடப் பையன்கள் ஏராளம். பெரியவர்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்தால் பிள்ளைகள் திரும்பிப் போய்விடுவார்களா என்ன? வீட்டில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. காதில் இயர்போன், கண் திரையில். நாமோ, பையன் சத்தம் போடாமல் இருக்கிறானே என்று சந்தோஷப்பட்டோம்!

தடை போட்டால் தீருமா?

"இதையெல்லாம் சர்க்கார் தடை செய்ய வேண்டியதுதானே?" என்பீர்கள். செய்துதான் பார்த்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பிள்ளைகளுக்குக் கேடு என்று டிக்டாக் செயலிக்குத் தடை விதித்தது. அதே மாதம் அந்தத் தடை நீங்கியது. 2020 ஜூனில் மத்திய அரசே வேறு காரணத்துக்காக டிக்டாக்கைத் தடை செய்தது. அதனால் குட்டி வீடியோக்கள் ஒழிந்தனவா? வேறு செயலிகளில் இன்னும் அதிகமாக வந்தன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல், பதினாறு வயது ஆகாதவர்களுக்குப் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு கிடையாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். சட்டம் வேண்டியதுதான். ஆனால் சட்டம் வந்து நம் வீட்டுக் கூடத்தில் உட்காராது. அங்கே இருப்பது நாம்தான்.

அந்நியன் எப்படி நுழைகிறான்?

பிள்ளைகளைக் குறிவைக்கும் ஆள் முதல் நாளே தப்பாகப் பேசுவதில்லை. விளையாட்டில் கூட்டாளியாகச் சேருவான். "சூப்பரா ஆடறே" என்பான். விளையாட்டுக்கு வேண்டிய நாணயமோ டைமண்டோ வாங்கித் தருவான். பெண் பிள்ளையாக இருந்தால், தன்னையும் அதே வயதுப் பெண்ணாகவே காட்டிக் கொள்ளலாம். அம்மா திட்டினாள், அப்பா அடித்தார் என்று பிள்ளை சொன்னால் ஆறுதல் சொல்வான். அப்புறம், "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்பான். அதற்குப் பிறகுதான் படம் கேட்பான். ஒரு படம் கைக்குக் கிடைத்ததும் குரல் மாறிவிடும்: "இன்னும் அனுப்பு, இல்லேன்னா உங்க வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் அனுப்பிடுவேன்."

இதில் பெண் பிள்ளைகள் மட்டும்தான் மாட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பையன்களும் மாட்டுகிறார்கள், வெட்கத்தால் வாய் திறப்பதில்லை.

அந்த ஆளின் பலம் எல்லாம் ஒரே ஒரு நம்பிக்கையில் இருக்கிறது. இந்தப் பிள்ளை வீட்டில் சொல்லாது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுப்பது யார்? கொஞ்சம் மனசைத் தொட்டு யோசிப்போம். "போனைப் பிடுங்கி அடுப்பில போட்டுடுவேன்", "அப்பா பெங்களூர்லேர்ந்து வரட்டும், சொல்றேன்", "இனிமே நீ படிச்சது போதும்." இப்படியெல்லாம் நாம் கோபத்தில் சொல்கிறோம். பிள்ளை அதை மனசில் எழுதி வைத்துக்கொள்கிறது.

கடைசியில் சொன்ன வார்த்தைதான் மிகவும் பொல்லாதது. நம் மாவட்டத்தில் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழிந்தபாடில்லை. பெண் போனில் யாருடனோ பேசினாள் என்று தெரிந்ததும் பள்ளியை நிறுத்தி, அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் செய்து வைப்பது 2006-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பதினாலு வயதுப் பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். வெளியே ஒருவன் மிரட்டுகிறான். அம்மாவிடம் சொன்னால் படிப்பு போய்விடும். அவள் என்ன செய்வாள்? மிரட்டுகிறவன் சொன்னபடியெல்லாம் செய்வாள். நம் கண்டிப்பே அவனுக்குக் காவல் ஆகிவிடுகிறது.

ஆகவே, எந்தப் பூட்டையும் போடுவதற்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு வாக்குக் கொடுங்கள். "போன்ல எது நடந்தாலும் என்கிட்ட சொல்லு கண்ணு. தப்பு உன்னுதாவே இருந்தாலும் அடிக்க மாட்டேன். படிப்பை நிறுத்த மாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்." ஒருமுறை சொன்னால் போதாது, மாதம் ஒரு தடவையாவது சொல்லுங்கள். பிள்ளை ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லும்போது, நீங்கள் முகம் சுளிக்காமல் கேட்கிறீர்களா என்றுதான் முதலில் பார்க்கும். அதில் நீங்கள் தேறினால்தான் பெரிய விஷயம் வெளியே வரும்.

வீட்டில் செய்யக்கூடியவை

இனி, கையால் செய்யும் காரியங்களுக்கு வருவோம். இதற்கெல்லாம் இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்பதில்லை. போன் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளையையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "எனக்குச் சொல்லிக் குடு" என்று கேட்டுச் செய்யுங்கள். ஒளிவுமறைவாகச் செய்தால் அவர்களும் ஒளிவுமறைவாகத்தான் இருப்பார்கள்.

1. போனுக்கு ஓர் இடம் வையுங்கள். பிள்ளைகள் அதைக் கூடத்தில் பார்க்கட்டும்; கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம். கூடுமானவரை இயர்போன் இல்லாமல், நமக்கும் காதில் விழும்படி இருக்கட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாப் போன்களும் அம்மாவின் அலமாரிப் பக்கம் சார்ஜுக்குப் போகட்டும். அம்மா, அப்பா போனும் சேர்த்துத்தான்! பெரியவர்கள் கடைப்பிடிக்காத சட்டம் பிள்ளைகளிடம் செல்லாது.

2. பிள்ளைக்குத் தனிப் போன் இருந்தால், கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். புதுச் செயலி எதை இறக்கினாலும் உங்கள் அனுமதி கேட்கும். ஒரு நாளைக்கு இத்தனை நேரம் என்று அளவும் வைக்கலாம். அம்மாவின் போனையே எல்லோரும் எடுப்பதாக இருந்தால், பிளே ஸ்டோரில் 'பேரண்டல் கண்ட்ரோல்' என்ற இடத்தில் வயதை அமைத்துப் பூட்டுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு 'யூட்யூப் கிட்ஸ்' போதும். அதிலும் ஏதாவது நழுவி வரலாம்; கூட உட்கார்ந்து பாருங்கள்.

3. பணம் அனுப்பும் செயலியின் ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். "மளிகைக் கடைக்கு நானே அனுப்பிடறேம்மா" என்று சமர்த்தாகத்தான் கேட்கும். மகளிர் குழுத் தவணைக்கு வைத்த பணம் விளையாட்டு டைமண்டாக மாற நிமிஷ நேரம் போதும்.

4. வாட்ஸ்அப்பில் 'பிரைவஸி' என்ற இடத்துக்குப் போய், உங்கள் படத்தை யார் பார்க்கலாம், யார் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்ற இரண்டையும் 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். முன்பின் தெரியாதவர்கள் குழுவில் இழுத்துப் போடுவது இதனால் குறையும்.

5. வயதைப் பொய் சொல்லிக் கணக்குத் தொடங்க விடாதீர்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவற்றில் பதின்மூன்று வயதுக்குக் கீழே கணக்கு கூடாது என்பது அந்தக் கம்பெனிகளின் விதி. பதின்மூன்று ஆனவர்களுக்கு இன்ஸ்டாகிராம் சில காவல்களைத் தானாகவே போடுகிறது. பிள்ளை இருபது வயது என்று எழுதிவிட்டால் அந்தக் காவல்கள் கிடைக்காது.

6. நாமும் கொஞ்சம் அடங்க வேண்டும். பள்ளிச் சீருடையில், பள்ளிப் பெயர் தெரியப் பிள்ளையின் படத்தை ஊரறியப் போடுவது எதற்கு? குளிக்கும் குழந்தையின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பாட்டிக்குக் காட்ட வேண்டுமா, பாட்டிக்கு மட்டும் அனுப்புங்கள்.

பிள்ளைக்கு மூன்று பாடங்களைச் சொல்லிக் கொடுங்கள். போனில் மட்டும் பழகியவருக்குப் படமோ முகவரியோ அனுப்பக் கூடாது. 'அம்மாவிடம் சொல்லாதே' என்று யார் சொன்னாலும், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். மனசுக்குச் சங்கடமான எதையாவது பார்த்துவிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்?

முதலில் பிள்ளையை அணைத்துக் கொள்ளுங்கள். "நீ சொன்னது ரொம்ப நல்லது சாமி" என்று சொல்லுங்கள். மற்றது அப்புறம்.

மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். கொடுத்தால் மறுபடி கேட்பான். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். அவன் பெயர், எண், மிரட்டிய பேச்சு எல்லாம் சாட்சி. பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் யோசனை கேட்பதற்காகக்கூட மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பக் கூடாது. அப்படிப்பட்ட படங்களை அனுப்புவதே குற்றம். வைத்திருப்பதும் சட்டத்தின் பிடிக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான் தீர்ப்புச் சொன்னது. போனை அப்படியே போலீசாரிடம் காட்டுங்கள்.

1098 என்பது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். இரவு பகல் எப்போதும் பேசலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பொம்மிடி காவல் நிலையத்துக்கோ, அரூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ போகலாம். தர்மபுரியில் சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது.

"போலீஸ் என்றால் ஊர் பூரா தெரிந்துவிடுமே" என்ற பயம்தான் நம்மைக் கட்டிப் போடுகிறது. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் பத்திரிகைகளில் வெளியிடக் கூடாது. பிள்ளை ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்பதில்லை. வீட்டிலோ, பிள்ளை விரும்பும் வேறு இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம். கூடுமானவரை பெண் அதிகாரியே வாங்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. ஆண் பிள்ளைக்கும் இதே சட்டம்தான். இவற்றைத் தெரிந்துகொண்டு போனால், ஸ்டேஷனில் நீங்கள் தைரியமாகக் கேட்கலாம்.

இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை ஓரமாக வைத்துவிட்டு, "இன்னிக்குப் போன்ல என்ன பார்த்தே?" என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். விசாரணை மாதிரி அல்ல, "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்கிற அதே குரலில். முதல் நாள் "ஒண்ணும் இல்லே" என்றுதான் பதில் வரும். மறுநாளும் கேளுங்கள்.