கையெழுத்து அண்ணனுடையது

கலஹா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்காவை அவங்க அண்ணன் வேனில் ஏற்றி மனநோய் வார்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் நண்பன் ஒருத்தனுக்குச் சொந்தம் என்பதால் நாங்களும் துணைக்குப் போனோம். படிவம் சிங்களத்தில். கேள்வியெல்லாம் அண்ணனிடம்தான்: எப்ப இருந்து தூக்கமில்லை, யாரையாவது அடிச்சாங்களா, மருந்து குடிக்கிறாங்களா? அக்கா அதே வாங்கில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டார், முடிஞ்சது.

அண்ணன் கெட்டவரில்லை. மூன்று இரவு கண்மூடாமல் காவல் இருந்தவர். எங்கள் சண்டை அவரோடு இல்லை. அவருடைய கையெழுத்தை அக்காவின் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடுதான்.

இதற்கு அடியில் கிடப்பது 1873 ஆம் ஆண்டின் மனநோய்கள் கட்டளைச் சட்டம். அப்போது நம்ம மலைகளில் கோப்பிதான். லூல்கந்துரையில் தேயிலை நட்டு ஆறே வருஷம். கோப்பி அழிஞ்சது, தோட்டங்கள் தேசியமயமாகித் திரும்பவும் கம்பனிகளிடம் போனது. இந்தச் சட்டத்துக்கு மட்டும் ஆங்காங்கே ஒட்டுப்போட்டதோடு சரி. மாவட்ட நீதிமன்ற விசாரணை, வைத்தியர் சான்று எல்லாம் அதில் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. விருப்பத்தைச் சொல்ல முடியாதவருக்காகக் குடும்பத்தார் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் ‘சொல்ல முடியாதவர்’ என்று எப்படி முடிவாகிறது? தமிழ் தெரியாத டொக்டருக்கு அண்ணன்தான் மொழிபெயர்ப்பாளர். வழக்குப் போடுகிறவரே சாட்சி, அவரே துபாஷி!

சொத்து விஷயம் வேறு. 1889 இன் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, சித்த சுவாதீனமற்றவர் என்று தீர்மானிக்கப்பட்டவரின் சொத்துக்கு முகாமையாளரையும் ஆளுக்குப் பாதுகாவலரையும் நீதிமன்றம் நியமிக்கலாம். லயத்துக்காரருக்கு என்ன சொத்து என்று சிரிக்க வேண்டாம். ஈ.பி.எஃப். காசு இருக்கு, புதிய வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணி இருக்கு. வாரிசையே ஆளுக்குப் பாதுகாவலராக்குவதற்கு 1912 இலேயே காலனிய இந்தியாவின் சட்டம் தயங்கியது. நோயாளிக்கு நன்மை என்று நீதிமன்றம் கருதினால் மட்டும்தான் விட்டது. வெள்ளைக்காரனுக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கு.

“முத்தின நேரத்தில் யாரைக் கேட்கிறது?” என்பார்கள். சரி, அந்த நேரத்தில் கேட்க முடியாமல் போகலாம். கட்டாய அனுமதியே கூடாதென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பலருக்கு நோய் வரும், போகும். தெளிவாக இருக்கும் மாதங்களில் கேட்கலாமே! இந்தியாவின் 2017 சட்டத்தில், தனக்காகப் பேசும் பிரதிநிதியை நோயாளியே முன்கூட்டி நியமிக்கலாம்; எந்தச் சிகிச்சை வேண்டாம் என்றும் எழுதி வைக்கலாம். சட்டம் வந்ததால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்பவில்லை. ஆனாலும் 2001 இல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை மறக்க முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் கொண்டுபோய் விடுகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தார்தான், அதுவும் பாசத்தோடு.

மாற்றுத்திறனாளிகள் உரிமை சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்றது. சட்டத்தின் முன் எல்லாரும் சமமான ஆட்கள் என்கிறது அதன் 12 ஆம் உறுப்புரை. அப்படியென்றால் வார்டு வாசலில் குடும்பத்தைச் சேராத ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நோயாளி தானே தெரிவுசெய்த ஒருவர் வேண்டும். குறித்த நாளுக்குள் அனுமதியை மறுபடி விசாரிக்க, வைத்தியசாலைக்கும் உறவுக்கும் கட்டுப்படாத ஒரு சபை வேண்டும். புதிய சட்ட வரைவுகளைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசியாச்சு.

வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும் அக்கா ஒன்பது நாள் வார்டிலேயே இருந்தார். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனுக்கு, வந்து கையெழுத்துப் போட லீவு கிடைக்கவில்லை.