சிவப்பு மையும் ஆறாம் வேற்றுமையும்

தேவிகுளம், பீருமேட்டுத் தோட்டங்களிலோ சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலோ தமிழ்வழியில் பயிலும் ஒரு சிறுமி, தன் தாயைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதும்போது 'அவர் மதர்' என்று தொடங்குகிறாள். (அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'அவர்' என்றே வந்து நிற்பது தனி வேடிக்கை.) உடனே அச்சொல் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, 'மை' என்று திருத்தப்படுகிறது. திருத்தம் சரியே. காரணம் மட்டும் சொல்லப்படுவதில்லை. சொல்லப்பட்டாலும் 'தாய்மொழிக் குறுக்கீடு' என்ற ஒற்றைத் தொடரோடு முடிந்துவிடுகிறது. தமிழ் ஏதோ ஆங்கில வகுப்பிற்குள் புகுந்துவிட்ட கிருமி என்பதுபோல.

உடன்பிறந்தோர் இல்லாத ஒற்றைப் பிள்ளையும் தமிழில் 'எங்கள் அம்மா', 'எங்கள் வீடு' என்றே பேசும். அப்பன்மை தலைகளை எண்ணுவதில்லை. ஒரு குடும்பத்தைச் சேர்ந்திருப்பதைச் சொல்கிறது, கேட்பவரை மெல்ல வெளியே நிறுத்துகிறது. 'நம் வீடு' என்றதும் அவர் உள்ளே வந்துவிடுகிறார். மலையாளத்திலும் 'நம்முடெ', 'ஞங்ஙளுடெ' என்று இவ்வேறுபாடு உண்டு. ஆக, எல்லைப்புறக் குழந்தையின் செவியில் விழும் இரு மொழிகளும் ஒருபுறம் நிற்க, ஆங்கிலமே தனித்து நிற்கிறது. இதைத் தமிழ்க் குழந்தைகளின் பலவீனம் என்று பேசுவோர் பக்கத்து மலையாள வகுப்பறையையும் எட்டிப் பார்க்கலாம்.

'கண்ணன் தன் புத்தகத்தை எடுத்தான்' என்பதில் தமிழுக்கு ஐயமே இல்லை. ஆங்கிலத்தின் 'ஹிஸ்' கண்ணனையும் சுட்டும், வேறொருவனையும் சுட்டும். ஆசிரியையைக் குறிக்கையில் 'தேர் புக்' என்று எழுதுவதும் அறியாமையால் அன்று. வீட்டில் பழகிய மரியாதைப் பன்மை அங்கே வேலை செய்கிறது.

கற்பவரின் பிழை அவர் தமக்குள் கட்டிவரும் ஒழுங்கிற்குச் சான்று என்று பிட் கார்டர் எழுதியது 1967இல். செலிங்கர் 'இடைமொழி' என்னும் கருத்தை விரித்தது 1972இல். இவ்விருவரையும் முதல் இயலில் மேற்கோள் காட்டும் ஆய்வேடுகளே நான்காம் இயலில் பிழைகளை எண்ணிக் 'குறுக்கீடு' என்ற கட்டத்திற்குள் அடைத்துவிட்டு முடிவுரைக்குப் போய்விடுகின்றன.

'பொருள் விளங்கினால் போதாதா?' என்று கேட்கும் தாராள மனத்தினரும் உண்டு. போதாது. மதிப்பெண் குறைவதும் விண்ணப்பம் ஒதுக்கப்படுவதும் அச்சிறுமிக்குத்தான். தாராளம் பேசுவோரின் பிள்ளைகளுக்கு அன்று. அவள் சரியாகவே எழுத வேண்டும். ஆனால் அதற்கான கருவிகளில் பாதி அவளிடமே இருக்கின்றன. 'மை', 'மைன்' வேறுபாடு 'என்', 'என்னுடையது' என்பதில் ஏறத்தாழ அப்படியே கிடக்கிறது. உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியது 'இட்ஸ்' என்பதன் மேற்குறி போன்ற சிலவற்றையே. அச்சொல்லோ பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது. அதற்கு முன் அஃறிணைக்கும் 'ஹிஸ்' என்றே எழுதினர். பின்னரும் நெடுங்காலம் மேற்குறியோடு எழுதியவர்கள் ஆங்கிலேயரே.

பெருங்கோளாறு பெயரிடுவதில் இருக்கிறது. 'பொசெசிவ்' என்பதை 'உடைமை' என்று பெயர்த்து, உடையவர் யார், உடைமை எது என்று வகுப்பில் வினவுகிறார்கள். நன்னூல் ஆறாம் வேற்றுமைக்குச் சொன்ன பொருள் கிழமை. கண்ணனது கை என்பது தற்கிழமை. கண்ணனது குடை என்பது பிறிதின்கிழமை. உடைமை இவற்றுள் ஒரு சிறு பகுதியே. 'மை ஸ்கூல்' என்று எழுதும் குழந்தை பள்ளியை விலைக்கு வாங்கிவிடவில்லை.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் இது வெறும் இலக்கணப் பேச்சு அன்று. லயத்து வீடு நிறுவனத்துக்குரியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளையிடம் 'பொசெசிவ் என்றால் சொந்தம்' என்று கற்பித்துவிட்டு, 'மை ஹவுஸ்' என்ற தலைப்பில் கட்டுரை கேட்டால் அவள் எதை எழுதுவாள்? கிழமை என்று கற்பித்திருந்தால் தயக்கமின்றி எழுதுவாள். அடுத்தடுத்த வாசல்களோடு பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் அந்த வரிசையை அவள் 'அவர் லயம்' என்று குறிப்பிட்டால், அது ஆங்கிலத்திலும் பிழையற்ற பன்மை. அதன்மேலும் சிவப்பு மை விழுவதுதான் வழக்கமாக இருக்கிறது.